அழைப்பவருக்கும் பங்கு உண்டு

(கொச்சி, மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் தமிழ் மக்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2018 மே மாதம் எர்ணாகுளத்தில் நம் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. போனில் பேசிக்கொண்டே கார் ஓட்டியதாக ஒருவர்மேல் போலீஸ் வழக்குப் பதிந்திருந்தது. 2011ஆம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டத்தில், பொதுமக்களுக்கு ஆபத்து விளையும் என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்பவரைத் தண்டிக்க 118 (இ) என்றொரு பிரிவு இருக்கிறது. அதன்கீழ்தான் வழக்கு. இரண்டு நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தார்கள். ஓட்டும்போது பேசினார் என்ற ஒன்றை மட்டும் வைத்து மக்களுக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று முடிவு கட்ட முடியாது, அந்தச் சட்டத்தில் செல்போனைத் தடை செய்யும் வாசகமே இல்லை என்று சொன்னார்கள். மறுநாள் தலைப்புச் செய்திகளில் அது எப்படிச் சுருங்கியது தெரியுமா? 'போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டுவது குற்றமில்லை.' அவ்வளவுதான். பலருக்கு மனதில் நின்றதும் அதுதான்.

தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். எது குற்றம் என்று எழுதிவைப்பது சட்டமன்றத்தின் வேலை. இல்லாத வாசகத்தை இருப்பதாக வைத்துக்கொண்டு ஒருவரைத் தண்டிக்க நீதிபதிகள் மறுத்தது முறையான காரியம். போனில் பேசுவது பத்திரமானது என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. அபாயகரமாக வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் 184ஆம் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் அன்றைக்கும் இருந்தது.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அந்த 184ஆம் பிரிவைத் திருத்தியது. 2019 செப்டம்பர் 1 முதல், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது அபாயகரமாக ஓட்டுவதில் ஒரு வகை என்று சட்டத்திலேயே ஏறிவிட்டது. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும், ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பவும் சிக்கினால் அபராதம் 10,000 ரூபாய், சிறை இரண்டு ஆண்டு வரை போகலாம். 2020 அக்டோபரில் இன்னொரு விதி வந்தது: வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் கெடாதபடி. பிறகு கேரள அரசு 'சேஃப் கேரளா' திட்டத்தில் 726 கேமராக்களைச் சாலையோரம் நிறுத்தியது. அவற்றில் 675 ஏ.ஐ. கேமராக்கள். ஹெல்மெட் இல்லையா, சீட் பெல்ட் இல்லையா, கையில் போன் இருக்கிறதா என்று பார்ப்பவை அவை. 2023 ஏப்ரல் 20 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். போனுக்கு 2,000 ரூபாய். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்டோக்காரர்களுக்கு அந்த 2,000 எத்தனை ஓட்டத்தின் காசு என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இவ்வளவும் நல்லது. வேண்டியது. நான் இதற்கு எதிரியல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போலீஸ்காரர் பார்ப்பது கையை. கேமரா பிடிப்பதும் கையை. சட்டத்தின் வாசகமும் 'கையில் பிடிக்கும் கருவி' என்றுதான் இருக்கிறது. காதில் செருகிய புளூடூத்தைக் கேமராவால் பார்க்க முடியாது. ஹெல்மெட்டுக்குள் கன்னத்தோடு ஒட்டிச் செருகிய போனை நம் பையன்கள் தெருவுக்குத் தெரு காட்டுகிறார்கள். கை இரண்டும் ஹேண்டில்பாரில் இருக்கிறது, எனவே தப்பில்லை என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். கார் வாங்கும்போதே போனைக் காரோடு இணைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். இந்த நம்பிக்கை தவறானது என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

கனடாவில் டொரான்டோ நகரத்தில் ஒரு மருத்துவரும் ஒரு புள்ளியியல் அறிஞரும் சேர்ந்து செய்த ஆய்வு 1997-இல் வெளியானது. ரெடல்மையர், டிப்ஷிரானி என்பது அவர்கள் பெயர். செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய போன் பில்லை வாங்கி, விபத்து நடந்த நேரத்துக்குச் சற்று முன்னால் பேச்சு நடந்ததா என்று பார்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. அதே ஆள், முந்தைய நாட்களில் அதே நேரத்தில் வண்டி ஓட்டியபோது பேசினாரா என்றும் பார்த்தார்கள். இந்த முறையில் ஒரு பெரிய நேர்மை இருக்கிறது. போன் பேசுகிறவன் இயல்பிலேயே அவசரக்காரன், அதனால்தான் மோதுகிறான் என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது. ஒரே மனிதன், ஒரே வண்டி, பழக்கமும் அதே. பேசிய பொழுதையும் பேசாத பொழுதையும்தான் ஒப்பிட்டார்கள். பேசும் பொழுதில் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் கணக்கு மாறவில்லை.

ஒரு நாட்டு ஆய்வை வைத்து முடிவு செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்து இதே முறையில் மறுபடியும் பார்த்தார்கள். 2005-இல் வெளிவந்த முடிவும் அதே நான்கு மடங்கு. அங்கேயும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ யாரையும் காப்பாற்றவில்லை.

எல்லா ஆய்வும் இதே அளவைச் சொல்கிறது என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் நிறுவனத்தார் லாரிகளுக்குள் கேமரா வைத்துப் பார்த்து 2009-இல் சொன்னது வேறு. போனில் எழுத்துத் தட்டுபவருக்கு ஆபத்து 23 மடங்கு. வெறுமனே பேசுபவருக்கு அப்படிப் பெரிதாகக் கூடவில்லை. இதைக் காட்டி, பேசலாம், தட்டத்தான் கூடாது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அவை நெடுஞ்சாலை லாரிகள். பெரும்பாலும் எதிரே வண்டி வராத அகலச் சாலையில், மைல் கணக்கில் ஒரே நேராக ஓடுபவை. நம் சாலை அப்படியா?

நம் சாலையைப் பாருங்கள். கொச்சங்காடியில் இருந்த யூதக் கோவிலின் கல்வெட்டு 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தக் கல் இன்றைக்குப் பரதேசி சினகாக்கின் சுவரில் பதிந்திருக்கிறது. அவ்வளவு பழைய பேட்டை இது. நடக்கிறவர்களுக்காகவும் தலைச்சுமைக்காரர்களுக்காகவும் பிறந்த சந்துகள். வீட்டு வாசற்படி இறங்கினால் கால் வைப்பது ரோட்டில்தான். பஜார் ரோட்டில் கிடங்கிலிருந்து இஞ்சி மூட்டை, மிளகு மூட்டையோடு ஆள் குறுக்கே வருவான். மதரசா விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். நிறுத்திவைத்த லாரிக்குப் பின்னாலிருந்து சைக்கிள் வரும். யூதத் தெருவைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர், வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் நடுவில் நிற்பார். ஆளில்லாத நெடுஞ்சாலையில் மனம் கொஞ்சம் விலகினால் வண்டி பழக்கத்திலேயே ஓடிவிடும். இங்கே பழக்கத்தை நம்ப முடியாது. ஒவ்வொரு பத்தடிக்கும் எதிர்பாராத ஒன்று வருகிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வேகமா? இல்லை என்பீர்கள். அந்த வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் போகிறது. போனைக் கண்ணால் பார்த்து யார் அழைக்கிறார் என்று படிக்க இரண்டு வினாடி வையுங்கள். 22 மீட்டர். இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஆகும் நீளம். அந்த 22 மீட்டரையும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினீர்கள் என்றுதான் அர்த்தம். அந்த நீளத்துக்குள் எத்தனை வாசற்படி இருக்கிறது என்று கூட்டம் முடிந்து போகும்போது எண்ணிப் பாருங்கள்.

இது கண் விலகுவதன் கணக்கு. கண் விலகாமல் மனம் மட்டும் விலகும்போது நடப்பதுதான் பயங்கரமானது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியர் இதையே பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். ஓட்டுநரின் கண் எங்கே நிலைக்கிறது என்று கருவி வைத்து அளந்தார். ஹேண்ட்ஸ்-ஃப்ரீயில் பேசிக்கொண்டு ஓட்டியவர்களின் கண் சாலையோர விளம்பரப் பலகைகள்மேல் சரியாகத்தான் நின்றது. பிறகு, எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், பேசாமல் ஓட்டியவர்கள் நினைவில் வைத்திருந்ததில் ஏறக்குறைய பாதியைத்தான் அவர்களால் அடையாளம் காட்ட முடிந்தது. கண் பார்த்தது, மூளை வாங்கிக்கொள்ளவில்லை. விபத்துக்குப் பிறகு எத்தனை ஓட்டுநர்கள் 'ஆள் எங்கிருந்து வந்தான் என்றே தெரியலை சார்' என்று அழுதிருக்கிறார்கள்! போலீஸ் ஸ்டேஷனில் அதை யாரும் நம்புவதில்லை. அவர்களில் பலர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். கண்ணுக்கு நேரே நின்ற ஆளை அவர்கள் உண்மையாகவே பார்க்கவில்லை.

ஏன் இப்படி? வீட்டிலிருந்து போன் வருகிறது. 'ரேஷன் கார்டை எங்கே வச்சீங்க?' கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் சொல்ல என்ன செய்யவேண்டும்? மனதுக்குள் வீட்டுக்குப் போகவேண்டும். பீரோவைத் திறக்கவேண்டும். மேல்தட்டா, கீழ்த்தட்டா என்று பார்க்கவேண்டும். மனக்கண் பீரோவுக்குள் இருக்கும்போது நிஜக்கண் தோப்பும்படி சிக்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அதன் பின்னால் ஆள் இல்லை. நம் கவனம் ஃபோர்ட்கொச்சி ஜங்கார் படகைப் போன்றது. ஃபோர்ட்கொச்சிக் கரையில் நிற்கும்போது அது வைப்பினில் நிற்க முடியாது, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக நேரமும் பிடிக்கும். போனை வைத்துவிட்டால் அந்த நொடியே கவனம் சாலைக்குத் திரும்பிவிடும் என்றும் நினைக்காதீர்கள். காரிடம் குரலால் கட்டளை சொல்லும் வசதிகளை ஸ்ட்ரேயர் குழுவினர் சோதித்து 2015-இல் சொன்னார்கள்: சில வசதிகளில், வேலை முடிந்த பிறகும் 27 வினாடி வரை மனம் முழுதாகத் திரும்பவில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 வினாடி என்றால் 300 மீட்டர்.

இதே ஸ்ட்ரேயர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், போனில் பேசுகிற ஓட்டுநரையும் அன்றைய அமெரிக்கச் சட்ட வரம்பான 0.08 சதவீதம் ரத்தத்தில் ஏறும் அளவுக்கு மது அருந்திய ஓட்டுநரையும் சிமுலேட்டரில் ஓட்டவிட்டுப் பார்த்தார். போனில் பேசியவர்கள் பிரேக் பிடிக்கத் தாமதித்தார்கள், மோதவும் செய்தார்கள். நம் நாட்டில் மதுவுக்கு வரம்பு இன்னும் கடுமை, நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். குடித்துவிட்டு ஓட்டுகிறவனை நாம் வெறுக்கிறோம். அவன் ஓட்டும் வண்டியில் பிள்ளையை ஏற்றமாட்டோம். போனில் பேசிக்கொண்டே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் தகப்பனை ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரோடு பேசுவதில்லையா? காலங்காலமாக அப்படித்தானே வண்டி ஓட்டுகிறோம்? நல்ல கேள்வி. அதையும் சோதித்திருக்கிறார்கள். 2008-இல் வந்த ஒரு சிமுலேட்டர் ஆய்வில், நெடுஞ்சாலையில் ஓட்டிப் போய்க் குறிப்பிட்ட ஓர் இடத்தில் இறங்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனில் நண்பரோடு பேசிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைத் தவறவிட்டுத் தாண்டிப் போனார்கள். அதே நண்பர் பக்கத்து சீட்டில் இருந்தபோது பெரும்பாலோர் சரியாக இறங்கினார்கள். காரணம் எளிது. பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. எதிரே லாரி வந்தால் அவர் பேச்சை நிறுத்துகிறார். 'பார்த்து, பார்த்து' என்கிறார். ஓட்டுகிறவர் பதில் சொல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை. போனின் மறுமுனையில் இருப்பவருக்கு லாரியும் தெரியாது, குறுக்கே வரும் பிள்ளையும் தெரியாது. இரண்டு வினாடி அமைதியானால் 'ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா?' என்பார். உடனே பதில் சொல்லியாகவேண்டும் என்று ஓட்டுகிறவரின் மனம் பதறும்.

இன்று நான் முக்கியமாகப் பேச நினைத்தது அந்த மறுமுனையைப் பற்றித்தான். சட்டம் ஓட்டுகிறவரைப் பிடிக்கிறது. நாமும் அவரைத்தான் திட்டுகிறோம். அழைத்தவர் யார் என்று எந்த முதல் தகவல் அறிக்கையிலும் எழுதுவதில்லை. பேச்சு என்றால் இரண்டு பேர் வேண்டுமே! ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் வீட்டுச் சோபாவிலோ கடைக் கல்லாவிலோ உட்கார்ந்திருக்கிறார். விபத்தில் அந்த இரண்டாம் ஆளுக்கும் பங்கு உண்டு. அழைக்கிற நாம் அதை உணர்ந்தால் ஆயிரம் கேமரா செய்யாத வேலையைச் செய்யலாம்.

கேரளத்தின் முதல் செல்போன் பேச்சு நம் கொச்சியில்தான் நடந்தது. 1996 செப்டம்பர் 17. எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை, தென்மண்டலக் கடற்படைத் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் டாண்டனோடு பேசினார். அந்த ஓர் அழைப்புக்காக ஒரு விழாவே கூடியது. வருகிற அழைப்புக்கும் காசு கொடுத்த காலம் அது, வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இப்போது பேச்சுக்குக் காசு இல்லை. ஆகவே நினைத்ததற்கெல்லாம் அழைக்கிறோம். எடுக்காவிட்டால் திரும்ப அழைக்கிறோம். மூன்றாம் தடவையும் எடுக்காவிட்டால் என்ன ஆயிற்றோ என்று பயந்து நான்காம் தடவை அழைக்கிறோம். தாய்மார்களே, உங்கள் பயம் அன்பிலிருந்து வருவது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓடுகிற பைக்கில் நான்கு தடவை மணி அடித்தால், எடுக்கக் கூடாது என்று இருக்கிற பையனும் எடுத்துவிடுவான்.

பிழைப்பு இன்னொரு பக்கம். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் கடைக்காரர் போன் செய்கிறார்: 'எங்கே வந்தாய்?' அதை எடுக்காமல் இருந்தால் அடுத்த லோடு வேறொருவருக்குப் போய்விடும். சாப்பாடு கொண்டுபோகும் பையனுக்கு போன்தான் முதலாளி. ஆர்டர் வருவதும் அதில், வழி காட்டுவதும் அதில், வாடிக்கையாளர் 'ஏன் இன்னும் வரவில்லை' என்று கேட்பதும் அதில். புதிய ஆர்டர் வந்தால் சில வினாடிகளுக்குள் திரையைத் தொடவேண்டும், இல்லையென்றால் அது கைநழுவிப் போகும். ஓடும் வண்டியில் திரையைத் தொடவைக்கிற ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அந்தப் பையன்மேல் மட்டும் 2,000 ரூபாய் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அந்தச் செயலிக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு நொடியும் அது அவன் இருக்கும் இடத்தைக் கவனிக்கிறது. ஓடும்போது ஆர்டரைக் காட்டாதே, நின்ற பிறகு காட்டு என்று அதைத் திருத்த முடியாதா? அரசு இதை நிறுவனங்களிடம் கேட்கவேண்டும். நாமும் மனு கொடுத்துக் கேட்கவேண்டும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. அதில் செல்போனால் என்று எழுதியிருப்பது நூற்றுக்கு இரண்டுதான். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகம் என்று இருக்கிறது. இந்த இரண்டு என்ற எண்ணைப் பார்த்து நான் ஆறுதல் அடையவில்லை. வேகத்தைச் சறுக்கிய தடம் காட்டும், நசுங்கிய வண்டி காட்டும். பேச்சுக்குத் தடம் கிடையாது. நான் போனில் இருந்தேன் என்று எந்த ஓட்டுநர் தானாகச் சொல்வார்? இறந்தவரால் சொல்லவே முடியாது. அதே கணக்கில் இறந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இரு சக்கர வண்டியில் போனவர்கள், ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். வெறும் உடம்போடு தெருவில் இருக்கிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். நம் பேட்டையில் இருக்கிறவர்கள் யார்? அவர்கள்தான்.

கையில் போன் இல்லாவிட்டாலும் என்ன நேரலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018 ஏப்ரல் 26 காலை, உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில், ஆளில்லாத ரயில்வே கேட்டைத் தாண்டிய பள்ளிக்கூட வேன்மேல் ரயில் மோதியது. 13 குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார், ரயில் வரும் ஓசை அவருக்குக் கேட்கவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது. காதில் இயர்போன் இருந்தால் கையில் போன் பிடிக்க வேண்டியதில்லை. கை இரண்டும் ஸ்டியரிங்கில்தான் இருந்திருக்கும்.

ஆகையால் உங்களிடம் கேட்பது இது. யாரையாவது அழைத்தால், முதல் வாக்கியமாக 'வண்டியில இருக்கீங்களா?' என்று கேளுங்கள். ஆமாம் என்றால் 'ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க' என்று சொல்லி நீங்களே வைத்துவிடுங்கள். அவர் 'பரவாயில்லை, புளூடூத்தில்தான் இருக்கேன், சொல்லுங்க' என்பார். அப்போதும் வைத்துவிடுங்கள். கடை வைத்திருக்கும் பெரியவர்கள், உங்கள் சரக்கைக் கொண்டுவரும் ஓட்டுநரிடம் கிளம்பும்போதே நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள். இடையில் போன் எடுக்காததற்காக அடுத்த லோடை மறுக்கமாட்டேன் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வார்த்தை கிடைத்தால்தான் அவரால் போனை எடுக்காமல் இருக்க முடியும். பஸ்ஸில் போகும்போது டிரைவர் போனில் பேசினால், வீடியோ எடுத்து மோட்டார் வாகனத் துறைக்கு அனுப்புங்கள். அப்படி வந்த வீடியோவை வைத்து உரிமத்தை நிறுத்திவைத்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதற்கு முன்னால் கண்டக்டரிடம் சொல்லிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

ஓட்டுகிற சகோதரர்களுக்கு ஒன்று. உங்கள் போனிலேயே, ஓட்டும்போது மணி அடிக்காமல் தடுத்துவைக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் 2017-இலிருந்து உண்டு, ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது. 'வண்டி ஓட்டுகிறேன், நிறுத்தியதும் அழைக்கிறேன்' என்று தானாகப் பதில் அனுப்பும் வசதியும் பல போன்களில் உண்டு. அந்தப் பதிலைத் தமிழிலும் வைக்கலாம், மலையாளத்திலும் வைக்கலாம். அவசரம் என்று வீட்டார் அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி செய்யவும் வழி இருக்கிறது, அப்போது நிறுத்திவிட்டு எடுங்கள். இதை அமைத்துத் தருவதற்காக இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் ஆட்டோக்காரர்கள் போகட்டும், அவர்களுக்கு இரவு ஓட்டம் இருக்கிறது. மற்றவர்கள் அதுவரை என்னிடம் கேள்விகள் கேட்கலாம்.